சக்கரை வந்த பூனை சாப்பிட மாட்டேங்குதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபியில் மெடிக்கல் வைத்திருக்கிறேன். இன்சுலின் சீட்டை நீட்டுகிறவரிடம் "யாருக்குங்க?" என்று கேட்டால், "பூனைக்குங்க" என்று கொஞ்சம் கூச்சத்தோடு சொல்கிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். எங்கள் வீட்டிலும் ஒரு சக்கரைப் பூனை இருப்பது தெரிந்து ஈரோடு, அந்தியூர்ப் பக்கமிருந்தெல்லாம் போன் வருகிறது. பெரும்பாலும் ஒரே சேதிதான்: பூனை சாப்பாட்டை நிறுத்திவிட்டது. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் நான் சொல்லிவரும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். எத்தனை யூனிட் என்பதை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் பூனையைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொல்ல வேண்டியது.

பூனைக்கெல்லாம் சக்கரை வருமாங்க?

வரும். நமக்கு நடுவயதில் வருகிற அதே மாதிரிதான். கருத்தடை செய்த, உடம்பு வைத்த, வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடக்கும் கடுவன்களுக்கு அதிகம் வருகிறது. தண்ணீர் நிறையக் குடிக்கும், மூத்திரம் நிறையப் போகும், நன்றாகத் தின்றுகொண்டே இளைக்கும். சில பூனைகள் பின்னங்காலைக் குதிகால் வரை தரையில் ஊன்றி நடக்கும். அது நரம்பு பாதித்த அடையாளம்.

முந்தியெல்லாம் தட்டையே நக்கும், இப்ப மோந்து பாத்துட்டுப் போயிருது. சக்கரை கொறஞ்சிருச்சுன்னு எடுத்துக்கலாமா?

அப்படி எடுத்துக்கொண்டு நாலு நாள் சும்மா இருப்பவர்கள்தான் கடைசியில் குளுக்கோஸ் பாட்டிலோடு அலைகிறார்கள். கட்டுப்படாத சக்கரை பசியைக் கூட்டும், குறைக்காது. பசி போனால் வேறொரு தொந்தரவு சேர்ந்திருக்கிறது, இல்லையென்றால் சக்கரையே முற்றி ரத்தத்தில் கீட்டோன் (சக்கரைக்குப் பதில் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கழிவு) சேர்ந்துவிட்டது என்று பொருள்.

சேர்ந்து வருகிறவற்றில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கணைய அழற்சி. சக்கரைப் பூனைகளிடம் அது சகஜம், வெளியே பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. பூனை சுருண்டு உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். அடுத்தது மூத்திரத் தொற்று, சிறுநீரகக் கோளாறு, பல் ஈறு புண். சாதாரணச் சளியாகவும் இருக்கலாம். மூக்கு அடைத்தால் வாடை தெரியாது, வாடை தெரியாத சாப்பாட்டைப் பூனை தொடாது. தட்டுக்கு ஆசையாக வந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டால் வாயைப் பாருங்கள். தட்டைக் கண்டதும் எச்சில் ஒழுக முகத்தைத் திருப்பினால் குமட்டல்.

எத்தனை நேரம் பொறுக்கலாம்? நாய் ரெண்டு நாள் திங்காட்டியும் ஒண்ணும் ஆகறதில்லையே?

நாய்க் கணக்குப் பூனைக்குச் செல்லாது. பூனை பட்டினி கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் கரைந்து கல்லீரலில் போய் அடையும். இரண்டு மூன்று நாளிலேயே இது தொடங்கிவிடும், அதிலும் குண்டுப் பூனைக்குச் சீக்கிரம். காது உட்புறமும் ஈறும் மஞ்சளாகத் தெரியும்போது நோய் வெகுதூரம் போயிருக்கும்.

அதனால் சக்கரைப் பூனைக்கு நான் சொல்லும் கணக்கு: ஒரு வேளை விட்டால் கவனி, இரண்டு வேளை விட்டால் மருத்துவருக்குப் போன், ஒரு நாள் முழுக்கத் தொடவில்லையென்றால் நேரில் கொண்டுபோ. கூடவே வாந்தியோ சோர்வோ இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது, உடனே கிளம்புங்கள்.

வெடியால ஊசி நேரம் ஆகிப்போச்சு. சோறு தொடலை. ஊசி போடறதா, வேண்டாமா?

இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். முதல் விதி: சாப்பாடு முதலில், ஊசி பிறகு. "ஊசி போட்டாப் பசிக்கும், அப்பறம் தின்னுக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சாப்பிடாத பூனைக்கு முழு ஊசி போட்டால் சக்கரை விழுந்து சில மணி நேரத்தில் உயிரே போகலாம். ஒரு வேளை ஊசி தவறியதால் அப்படி உடனே ஒன்றும் ஆகாது.

இரண்டாவது: காதில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சக்கரை மிசினில் எண்ணைப் பாருங்கள். எண் தாழ்ந்திருந்தாலோ, பார்க்கவே வழியில்லையென்றாலோ அந்த வேளை ஊசியை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். எண் உயர்ந்திருந்தால் பல மருத்துவர்கள் அளவைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். பாதி சாப்பாடு சாப்பிட்டாலும் அப்படித்தான். எவ்வளவு குறைப்பது என்பது பூனைக்குப் பூனை மாறும். "எந்த எண்ணுக்குக் கீழே போடக்கூடாது, சாப்பிடாவிட்டால் எவ்வளவு?" என்ற இரண்டையும், பூனை நன்றாக இருக்கும்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். விடியற்காலை ஆறு மணிக்கு எந்த மருத்துவரும் போன் எடுக்கமாட்டார்.

மூன்றாவது, பலரும் மறப்பது: ஊசியை நிறுத்திக்கொண்டே போவதும் தீர்வாகாது. இன்சுலினும் இல்லை, சாப்பாடும் இல்லை என்றால் உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோனை உண்டாக்கும். ஒரு வேளை நிறுத்தலாம். மருத்துவரைக் கேட்காமல் இரண்டாவது வேளையும் நிறுத்தக் கூடாது.

ஊசியப் போட்டுட்டனுங்க. அப்பறந்தான் பாத்தேன், கிண்ணம் அப்படியே இருக்குது!

பதறாதீர்கள், ஆனால் வீட்டை விட்டு நகராதீர்கள். அடுத்த ஊசி நேரம் வரை பூனை உங்கள் கண்முன் இருக்கட்டும். பிடித்த எதையாவது கொடுத்துப் பாருங்கள். இந்த நேரத்தில் பத்தியம் கிடையாது. மணிக்கொரு முறை எண் பாருங்கள்.

தள்ளாட்டம், வெறித்த பார்வை, திடீரென்று கத்தல், உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது, இவை சக்கரை விழுந்த அடையாளம். மிசினில் 60க்குக் கீழே காட்டினாலும் அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தேனையோ, தண்ணீரில் குழைத்த குளுக்கோஸ் பொடியையோ விரலில் தொட்டு ஈறில் தடவுங்கள். வலிப்பு வரும்போது வாய்க்குள் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடும். விரலையும் கடித்துவிடும், ஈறோடு நிறுத்துங்கள். தெளிந்து எழுந்தாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். தேன் கொஞ்ச நேரம்தான் தாங்கும், ஊசி மணிக்கணக்கில் வேலை செய்யும்.

சிரிஞ்சு செவப்பு மூடியா, ஆரஞ்சு மூடியா? எதானாலும் ஒண்ணுதானே?

கல்லாவில் உட்கார்ந்து நான் அதிகம் சத்தம் போடுவது இதற்குத்தான். நம் நாட்டில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் விற்கிறது. ஒரு மில்லியில் 40 யூனிட் உள்ளதற்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி. பூனைகளுக்கு அதிகம் எழுதித்தரும் கிளார்ஜின் என்ற இன்சுலின் 100 யூனிட் வகை. அதைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் ஒரு கோடு இழுத்தால் பூனைக்குப் போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். அப்பா 20 யூனிட் போட்டுக்கொள்கிறவராக இருக்கலாம். பூனை வாங்குவது பெரும்பாலும் ஒன்று, இரண்டு. அங்கே ஒன்றரை யூனிட் கூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள்.

நேர்மாறாகப் போட்டால் பாதிகூடப் போகாது. சக்கரை ஏறி, கீட்டோன் வந்து, அதனாலேயே பசி போகும். எனவே பசி போன பூனைக்கு மருந்துக் குப்பியையும் சிரிஞ்சையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதும் ஒரு பரிசோதனைதான். அரை யூனிட் கோடு போட்ட 0.3 மில்லி சிரிஞ்சு கேட்டால் வரவழைத்துத் தருவார்கள்.

எங்கப்பா சக்கரை பாக்கற மிசின்ல பூனைக்கும் பாக்கலாமுங்களா?

பார்க்கலாம். மனிதர் மிசின் பூனை ரத்தத்தில் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும், அதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். எப்போதும் ஒரே மிசினில் பாருங்கள். காது மடலின் ஓரத்தை வெந்நீரில் நனைத்த துணியால் சூடாக்கி, துளி வாசலின் தடவிக் குத்தினால் ரத்தம் முத்தாக நிற்கும், முடியில் பரவாது. ஊசி மருந்து போடும் இடம் வேறு. பொடனித் தோலில் போட்டே பழகியவர்கள், விலாப்பக்கத்திலும் இடம் மாற்றிப் போடுங்கள்.

ஆஸ்பத்திரியில பாத்தா 380, ஊட்டுல பாத்தா 210. எது நெசம்?

இரண்டும். பயந்தால் பூனைக்குச் சக்கரை எகிறும்; பஸ், நாய்க் குரைப்பு, முன்பின் தெரியாத கை, எல்லாம் சேர்ந்து நோயே இல்லாத பூனைக்குக்கூட 300 காட்டும். ஃப்ரக்டோசமைன் என்ற ரத்தப் பரிசோதனை கடந்த இரண்டு வாரத்துச் சராசரியைச் சொல்லும், அதில் பயம் கலக்காது. ஆஸ்பத்திரி எண்ணை மட்டும் பார்த்து ஊசியைக் கூட்டச் சொன்னால், வீட்டு எண்களைக் காட்டிப் பேசுங்கள்.

என்ன குடுத்தாத் திங்குமுங்க?

முதலில் வாடை, பிறகு சூடு, அப்புறம்தான் ருசி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். கைச்சூடு அளவுக்கு வெதுவெதுப்பாக்குங்கள். ஆழக் கிண்ணத்தில் மீசை இடிக்கும், தட்டையான தட்டு நல்லது. சின்ன அளவில் வைத்து, கால்மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். நாளெல்லாம் காய்ந்துகிடக்கும் சாப்பாடு வெறுப்பைத்தான் வளர்க்கும். மூக்கு அடைத்திருந்தால் வெந்நீர்த் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

நாட்டுக்கோழியை உப்பு, மஞ்சள் எதுவும் போடாமல் வேகவைத்து, அந்தச் சாறை மேலே ஊற்றினால் பல பூனைகள் எழுந்து வருகின்றன. ஈரல் துளி, முள் எடுத்த ஜிலேபி மீன், முட்டைக் கரு எல்லாம் முயன்று பார்க்கலாம். கருவாடு உப்பு; ஊறவைத்து, உப்பைக் கழுவி, மேலே தூவுகிற அளவோடு நிறுத்துங்கள்.

நம் ஊர்ச் சமையலில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது: சின்ன வெங்காயம். பள்ளிபாளையம் சிக்கனோ, வீட்டுக் குழம்போ, அதிலிருந்து கறியை எடுத்துக் கழுவிப் போட்டாலும் வெங்காயத்தின் சாறு இறங்கியிருக்கும். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுவை உடைக்கும். ஒறம்பரை வந்த நாளில் ஆளுக்கொரு துண்டு போடுவார்கள், சொல்லிவையுங்கள்.

பால்சோறு மட்டுந்தான் திங்குது. அரிசி போட்டாச் சக்கரை ஏறுமே?

ஏறும். ஏறட்டும். சாப்பிடாத பூனைக்கு முன்னால் பத்தியம் பேசுவது வீண். அரிசியோ, கடையில் விற்கும் உலர்தீனியோ, எதைத் தின்கிறதோ அதைக் கொடுங்கள். ஏறிய சக்கரையை அப்புறம் இறக்கலாம். பால் அதிகமானால் பேதி போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். பசி திரும்பிய பிறகு பால்சோற்றிலிருந்து கறிக்கு மெதுவாக இழுக்கலாம்.

"மெதுவாக" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அரிசி, உலர்தீனி இவற்றில் மாவுச்சத்து அதிகம். அதை ஒரே நாளில் நிறுத்திக் கறிக்கு மாற்றிவிட்டு ஊசியைப் பழைய அளவிலேயே போட்டால், சக்கரை மடமடவென்று விழும். சாப்பாட்டை மாற்றப்போகிறோம் என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

தோட்டத்துல சுத்தற பூனைங்க. எங்க என்னத்தைத் தின்னுச்சோ, எப்படிக் கண்டுபுடிக்கறது?

சாப்பாட்டைத் தொடாதது பசியில்லாமலா, எலி தின்ற வயிறாலா என்று தெரியாதவரை மேலே சொன்ன எதையும் சரியாகச் செய்ய முடியாது. சாளையிலோ ஒரு அறையிலோ இரண்டு நாள் அடைத்துவைத்துப் பாருங்கள். இரண்டு பூனை இருந்தால் தனித்தனியாகத் தட்டு, தனித்தனி இடம். எடை பார்க்கும் மிசினில் நீங்கள் பூனையோடு ஒருமுறை, தனியாக ஒருமுறை ஏறினால் அதன் எடை தெரிந்துவிடும். வாரம் ஒருதரம் குறித்துவையுங்கள்.

தோட்டத்தில் எலி மருந்து வைத்திருந்தால் அதை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்ற பூனையும் சாப்பாட்டை நிறுத்தும், வாந்தி எடுக்கும். அதைச் சக்கரைக் கணக்கில் எழுதிவிட்டால் நேரம் போய்விடும்.

வாயில ஒரு மாதிரி வாடை அடிக்குது. கீட்டோன்னு சொல்றாங்களே, அதுதானா?

அழுகிய பழம் மாதிரி, நகப்பூச்சு அழிக்கும் திரவம் மாதிரி வாடை வந்தால் அதுவாக இருக்கலாம். எல்லோர் மூக்கிலும் அது ஏறாது. மெடிக்கலில் மூத்திரத்தில் கீட்டோன் பார்க்கும் பட்டை கிடைக்கும், சக்கரைப் பூனை வீட்டில் ஒரு டப்பா இருக்கட்டும். மணல் தட்டைக் கழுவி, உறிஞ்சாத மீன்தொட்டிக் கல்லைக் கொஞ்சம் போட்டுவைத்தால் மூத்திரம் அடியில் தங்கும். பட்டை நிறம் மாறி, பூனையும் சாப்பிடவில்லையென்றால், அது இரவானாலும் கிளம்ப வேண்டிய அவசரம்.

தலையைத் தூக்க முடியாமல் கழுத்து தொங்கினால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கியிருக்கிறது. அதையும் வீட்டில் சரிசெய்ய முடியாது. ரத்தக்குழாயில் ஏற்றும் டிரிப்ஸும் மணிக்கணக்கில் கண்காணிப்பும் வேண்டும்.

சிரிஞ்சில வாயில ஊட்டி உட்டறலாமா?

நக்கிக் குடித்தால் ஊட்டலாம். மல்லுக்கட்டி ஊட்டினால் புரையேறும். அதைவிட, அந்தச் சாப்பாட்டையே அது ஜென்மத்துக்கும் வெறுத்துவிடும். நாலைந்து நாள் சாப்பிடாத பூனைக்கு மருத்துவர்கள் கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு குழாய் வைப்பார்கள். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் வீட்டிலேயே அதன் வழியாகக் கூழும் மருந்தும் கொடுக்கலாம், பூனையும் அதைச் சகித்துக்கொள்ளும். சொன்னால் மறுக்காதீர்கள்.

கொழந்தைகளுக்குத் தர்ற பசி டானிக் ஒரு மூடி ஊத்தலாமுங்களா?

கேட்டால் நான் தருவதில்லை. டானிக்கில் சர்க்கரைப் பாகு இருக்கும், பூனைக்கு இனிப்பு ருசியே தெரியாது, யாருக்கு லாபம்? மருத்துவர் முதலில் குமட்டலை நிறுத்த ஒண்டான்செட்ரான், மரோபிடன்ட் போன்றவற்றைத் தருவார். பிறகு பசிக்கு மிர்டசபைன். அது மனிதர் மாத்திரைதான், ஆனால் அதில் ஒரு சின்னத் துண்டே பூனைக்குப் போதும். கேப்ரோமோரெலின் என்ற பசி மருந்து சக்கரையைக் கூட்டும், அதனால் சக்கரைப் பூனைக்குச் சரிவராது. காய்ச்சல் என்று நினைத்துப் பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். ஒரு மாத்திரை போதும், பூனை செத்துவிடும்.

கிட்டத்துல மாட்டு டாக்டர்தான் இருக்காருங்க. அவருகிட்டக் காட்டலாமா?

தாராளமாக. மாடும் ஆடும் கோழியும் நிறைந்த ஊர்கள் நம்முடையவை, அவர் கை அதில் பழகியிருக்கும். ஆனால் பூனையையும் சேர்த்துத்தான் படித்திருக்கிறார். போனதும் முதல் வார்த்தையாக "இதுக்குச் சக்கரைங்க, இந்த இன்சுலின், இத்தனை யூனிட், கடைசியா இத்தனை மணிக்குப் போட்டது" என்று சொல்லிவிடுங்கள். சோர்ந்த பிராணிக்கு ஸ்டீராய்டு ஊசி போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. சக்கரைப் பூனைக்கு அது சக்கரையைத் தூக்கி நிறுத்திவிடும்.

ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், இரவில் தங்கவைப்பது என்று வந்தால் கோயம்புத்தூர், ஈரோட்டுத் தனியார் மருத்துவமனைகள் இருக்கின்றன. அந்தச் செலவு கட்டுப்படியாகாதவர்களுக்கு 1985 முதல் நடக்கும் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. பொள்ளாச்சி, தாராபுரம் பக்கத்தினருக்கு உடுமலைக் கல்லூரி கிட்டம். கூண்டு இல்லாதவர்கள் இரண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை ஒன்றன்மேல் ஒன்று கவிழ்த்துக் கட்டிக்கொள்ளலாம். சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள்.

ஊசிக்குப் பதிலா மாத்திரை? இல்லாட்டி சிறுகுறிஞ்சான்?

கொல்லிமலையிலிருந்து சிறுகுறிஞ்சான் பொடி வாங்கிவந்து கேட்கிறார்கள். பூனைக்கு எவ்வளவு என்று அளந்தவர் யாருமில்லை, கசப்பில் இருக்கிற கொஞ்சநஞ்சப் பசியும் போகும். மெட்ஃபார்மின் பூனைக்குப் பயன்படாது, அதுவே பசியைக் கெடுக்கும்.

சக்கரையை மூத்திரத்தில் வெளியேற்றும் கிளிஃப்ளோசின் வகையில் பூனைக்கென்றே ஒரு மாத்திரைக்கு 2022 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதைப் படித்துவிட்டு அப்பாவின் கிளிஃப்ளோசினை உடைத்துக் கொடுக்கலாமா என்கிறார்கள். கூடவே கூடாது. அந்த வகை மருந்தில் மிசின் நல்ல எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கீட்டோன் ஏறும். அனுமதி பெற்ற மாத்திரையே சாப்பிடுகிற, வேறு நோய் இல்லாத, முன்பு இன்சுலின் போடாத பூனைக்குத்தான்.

நேத்து பூரா கரண்ட் இல்லீங்க. இன்சுலின் கெட்டிருக்குமா?

ஒரு நாளில் கெடாது. ஐஸ் பெட்டியில் உறைந்தால், அல்லது சித்திரை வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் கிடந்தால் கெடும். நீர் தெளித்த மண்பானைக்குள், மருந்து நனையாதபடி டப்பாவில் வைக்கலாம். திறந்த குப்பியில் தேதி எழுதுங்கள். 28 நாள்தான் குப்பிமேல் போட்டிருக்கும் கணக்கு. கிளார்ஜின் கலங்கலாகத் தெரிந்தால் தூக்கிப் போடுங்கள்.

இப்ப நல்லாத் திங்க ஆரம்பிச்சிருச்சு. பழைய அளவே ஊசி போட்டுரலாமா?

கேட்காமல் போடாதீர்கள். இளைத்த பூனைக்குத் தேவை குறைந்திருக்கலாம். தொற்றோ கணைய அழற்சியோ ஆறியதாலும் குறையும். முதல் சில நாள் ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் எண் பார்த்து, அந்த எண்ணை மருத்துவருக்கு அனுப்புங்கள். ஆரம்பத்திலேயே இன்சுலினும் கறிச் சாப்பாடும் பிடித்துக்கொண்ட பூனைகளில் சில, ஊசியே தேவைப்படாத நிலைக்கு வந்துவிடுவதும் உண்டு. அப்படி ஊசி நின்ற பூனைக்கும் அவ்வப்போது காதில் ஒரு சொட்டு பார்த்துவிடுங்கள். தண்ணீர்க் கிண்ணம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் காலியாக ஆரம்பித்தால் அன்றைக்கே பாருங்கள்.